ரயில் ஐந்து மணி நேரம் லேட்: டிக்கெட் பணமும் செலவான பணமும் திரும்ப வருமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் காலை பத்து மணிக்கு அட்மிஷன். நான், வீட்டுக்காரர், மகள் மூன்று பேருக்கும் பெரம்பூரிலிருந்து ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்திருந்தோம். தெருமுனை பிரவுசிங் சென்டரில் போட்டது. வடக்கிலிருந்து வருகிற வண்டி. இரவு பத்து மணிக்கு வர வேண்டியது, வரவே இல்லை. ஒன்றேகால் மணி வரை பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறினோம். ஆட்டோவுக்கு 950 ரூபாய், பஸ்ஸுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து 2,400 ரூபாய். வண்டி மூன்று மணிக்கு மேல்தான் பெரம்பூர் வந்ததாம். மதியம் கல்லூரியில் போய் நின்றோம். கெஞ்சிக் கேட்ட பிறகு சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் லேட் ஆனால் டிக்கெட் பணம் தானாக வந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வரவில்லை. ஊர் திரும்பிய பிறகு பிரவுசிங் சென்டர் தம்பி டி.டி.ஆர். (டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கும் ஆன்லைன் விண்ணப்பம்) போட்டுக் கொடுத்தார். அதையும் தள்ளிவிட்டார்கள். டிக்கெட் பணம் 1,080 போனது போனதுதானா? ஆட்டோ, பஸ் செலவை யாரிடம் கேட்பது? இன்னொரு கேள்வி: வீட்டுக்காரர் பாஸ் எடுத்துத் தினமும் கொருக்குப்பேட்டையிலிருந்து மீஞ்சூருக்கு வேலைக்குப் போகிறார். மின்சார ரயில் லேட் ஆகிற நாளில் காண்ட்ராக்டர் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுகிறார். அதற்கு ஏதாவது வழி உண்டா?

ஒரு வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரி,

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அந்த இரவு உங்கள் மூன்று பேருக்கும் எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வேறு பணம் இருக்கிறது. ஒன்று, டிக்கெட் கட்டணம் 1,080 ரூபாய். இன்னொன்று, வண்டி வராததால் கையைவிட்டுச் செலவான 3,350 ரூபாய். டிக்கெட் பணம் சுலபமாகக் கிடைக்கும், ஆட்டோ பஸ் செலவை யார் தரப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது தலைகீழ். டிக்கெட் பணத்துக்கு விதி உங்களுக்கு எதிராக நிற்கிறது. செலவான பணத்துக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே உங்கள் பக்கம் இருக்கிறது.

டிக்கெட் பணத்தை முதலில் பார்த்துவிடுவோம். டிக்கெட் ரத்துக்கும் கட்டணம் திருப்பித் தருவதற்கும் 2015-இல் ரயில்வே கொண்டுவந்த விதிகள்தான் இதற்கு அடிப்படை. பயணம் தொடங்கும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் அதில் போகவில்லை என்றால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். உறுதியான டிக்கெட், ஆர்.ஏ.சி., காத்திருப்புப் பட்டியல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் வண்டி அந்த நிலையத்தை விட்டு உண்மையிலேயே கிளம்புவதற்கு முன்பு நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கவுன்ட்டரில் வாங்கிய டிக்கெட் என்றால் அதைக் கவுன்ட்டரில் ஒப்படைக்க வேண்டும். ஆன்லைன் டிக்கெட் என்றால் டி.டி.ஆர். போட வேண்டும். வண்டி நகர்ந்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடுகிறது.

உங்களுக்கு மணி ஒன்றிலிருந்து மூன்று வரை, சுமார் இரண்டு மணி நேரம்தான் அவகாசம் இருந்தது. அந்த நேரத்தில் நீங்கள் ஆட்டோவில் இருந்தீர்கள். பிரவுசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது. அதனால்தான் பின்னால் போட்ட டி.டி.ஆர். தள்ளுபடி ஆனது.

இந்த விதி நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். பெரம்பூருக்கு வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பது ரயில்வேயின் பதிவிலேயே இருக்கிறது. உங்கள் மூன்று பெர்த்திலும் ஆள் வரவில்லை என்பதை டிக்கெட் பரிசோதகர் தன் கையில் இருக்கும் கருவியில் பதிகிறார். வண்டி முழுதாக ரத்தானால் ஆன்லைன் டிக்கெட் பணத்தை யாரும் கேட்காமலேயே திருப்பி அனுப்புகிறவர்கள், தாமதத்துக்கும் அதைச் செய்யலாம். நள்ளிரவில் குழந்தைகளையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிற குடும்பத்திடம், இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள் விண்ணப்பம் போடு என்று சொல்வது கொடுமை. இது மாற வேண்டும். மாறும்வரை நாம்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டில் சொன்னது எங்கே தவறாகிறது என்றால், தானாகப் பணம் வருவது முழுதாக ரத்தான வண்டிக்குத்தான். தாமதமான வண்டிக்கு நாம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போதும் 'கேன்சல்' என்ற பொத்தானைத் தொடக்கூடாது. அது சாதாரண ரத்து. பிடித்தம் உண்டு, சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகு அதுவும் முடியாது. டி.டி.ஆர். பகுதிக்குப் போய், வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணி போகவில்லை என்ற காரணத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டியில் ஏறிவிட்டால் அப்புறம் அது கோவைக்கு எட்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் இந்த விதியில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. தாமதத்தை அளப்பது ஏறும் இடத்தில். இறங்கும் இடத்தில் இல்லை.

தட்கல் டிக்கெட்டுக்கும் மூன்று மணி நேர விதி உண்டு. நம் பக்கத்து மக்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து தட்கல் எடுத்துவிட்டு, ஏறும் இடத்தைப் பெரம்பூருக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். அப்படி மாற்றியிருந்தால், தாமதம் பெரம்பூரில் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். டிக்கெட் தொடங்கும் சென்ட்ரலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும்.

அடுத்து, பிரவுசிங் சென்டர். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து எனக்கு வரும் ரயில் வழக்குகளில் பாதி இந்த இடத்தில்தான் சிக்குகிறது. யாருடைய ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் டிக்கெட் போடப்பட்டதோ, அந்தக் கணக்கிலிருந்துதான் டி.டி.ஆர். போட முடியும். திரும்பி வரும் பணமும் எந்தக் கணக்கிலிருந்து கட்டினார்களோ அதற்கே போகும். வண்டி ரத்து, நேர மாற்றம் என்று வரும் குறுஞ்செய்தியும் பதிவு செய்தபோது கொடுத்த கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். பல கடைகளில் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். அன்று மாலையே வண்டி தாமதம் என்று செய்தி வந்திருந்தாலும் அது உங்கள் கைக்கு வந்திருக்காது.

இனிமேல் உங்கள் மகள் பெயரில் ஒரு கணக்கு திறந்துகொள்ளுங்கள். கல்லூரிக்குப் போகிற பெண், ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவாள். 'ரயில்ஒன்' செயலியிலும் டிக்கெட் எடுக்கலாம். கடையில்தான் எடுக்க வேண்டும் என்றால் ரயில்வே அனுமதி பெற்ற ஏஜெண்டிடம் எடுங்கள். உங்கள் எண்ணைத்தான் போட வேண்டும் என்று நின்று சொல்லுங்கள். இரவில் கூப்பிட ஒரு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கான கணக்கில் கமிஷனுக்கு டிக்கெட் போட்டுத் தருவது ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி குற்றம். அப்படிப்பட்ட கடையில் பிரச்சினை வந்தால் நமக்காக யாரும் முன்னால் வர மாட்டார்கள்.

சரி, அந்த 1,080 ரூபாய்க்கு இப்போது என்ன செய்யலாம்? ஒரு முயற்சி மிச்சம் இருக்கிறது. தெற்கு ரயில்வேயில் ரீஃபண்ட் விவகாரங்களைக் கவனிக்கும் தலைமை வணிக மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பி.என்.ஆர். எண் (டிக்கெட்டில் உள்ள முன்பதிவு எண்), தேதி, வண்டி வர வேண்டிய நேரம், வந்த நேரம், இரவு ஒரு மணிக்கு மேல் டி.டி.ஆர். போட வழியில்லாமல் போன காரணம், நீங்கள் பஸ்ஸில் போனதற்கான டிக்கெட் நகல் எல்லாவற்றையும் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். விதியின் எழுத்து உங்களுக்கு எதிராக இருப்பதால் கிடைத்தே தீரும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனாலும் அனுப்புங்கள். அடுத்து நான் சொல்லப்போகும் வழக்குக்கு இந்தக் கடிதம் ஒரு ஆவணமாகப் பயன்படும்.

இப்போது 3,350 ரூபாய்க்கு வருவோம். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். நம் மக்கள் கேட்காமலேயே விட்டுவிடும் பணம் இது.

2016 ஜூன் மாதம் அஜ்மீரிலிருந்து ஜம்மு போன ரயில் சுமார் நான்கு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதில் போன ஒரு குடும்பம் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு எடுத்து வைத்திருந்த விமானத்தைத் தவறவிட்டது. டாக்சியில் ஸ்ரீநகர் போனார்கள். நுகர்வோர் மன்றத்துக்குப் போய், டாக்சிச் செலவுக்கு 15,000, முன்பதிவு இழப்புக்கு 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாய் என்று உத்தரவு வாங்கினார்கள். வடமேற்கு ரயில்வே அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி நீதிபதிகள் எம்.ஆர். ஷா, அனிருத்தா போஸ் அமர்வு ரயில்வேயின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பில் உங்களுக்குத் தேவையான விஷயம் இதுதான். வண்டி குறித்த நேரத்துக்கு வரும் என்று நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை, எங்கள் கட்டண விதிகளிலேயே அப்படி எழுதியிருக்கிறது என்று ரயில்வே வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தாமதம் ஏன் ஆனது என்று ரயில்வே ஆதாரத்தோடு விளக்க வேண்டும். தங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணம் என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. அதாவது, உங்கள் பக்கம் நிரூபிக்க வேண்டியது டிக்கெட் இருந்தது, வண்டி தாமதம், இவ்வளவு செலவானது என்ற மூன்றைத்தான். ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டியது ரயில்வேயின் வேலை.

அன்று புயலோ வெள்ளமோ இருந்திருந்தால் கதை வேறு. அது ரயில்வேயின் கையில் இல்லாத காரணம், வழக்கு நிற்காது. எனவே வழக்குப் போடுவதற்கு முன்பு காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பெரம்பூர் நிலையம் சென்னைக் கோட்டத்தில் வருகிறது. தெற்கு ரயில்வே சென்னைக் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், ஆன்லைனிலும் போடலாம். நீளமாக எழுத வேண்டாம். இந்தத் தேதியில் இந்த எண் கொண்ட வண்டி பெரம்பூருக்கு வர வேண்டிய நேரம், உண்மையில் வந்த நேரம், கிளம்பிய நேரம், தாமதத்துக்கு உங்கள் பதிவேட்டில் உள்ள காரணம் ஆகியவற்றைத் தரவும் என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ரயில்வேயே எழுதித் தரும் அந்தத் தாளைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

செலவுக்கு ஆதாரம் வேண்டும். பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆட்டோவுக்கு யாரும் பில் தருவதில்லை. ஜிபே, போன்பேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவில் தேதியும் நேரமும் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மனுவோடு தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் தொகையைச் சொல்லுங்கள். பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு நடு இரவில் 950 ரூபாய் என்பதை யாரும் மிகை என்று சொல்ல முடியாது. கல்லூரி கொடுத்த அட்மிஷன் கடிதத்தில் பத்து மணி என்று இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். வண்டி மூன்று மணிக்கு வந்ததே, அதிலேயே போயிருக்கலாமே என்று ரயில்வே வக்கீல் கேட்பார். அதற்கு அந்தக் கடிதம்தான் பதில்.

இவ்வளவும் கையில் வந்ததும், தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடந்ததை எழுதி, பதினைந்து நாளில் இந்தத் தொகையைத் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று சொன்னால் போதும். பதில் வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது பெரிய வசதி. எதிர்மனுதாரர் இந்திய ஒன்றியம், அதன் சார்பில் தெற்கு ரயில்வே பொது மேலாளர் என்று எழுதுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த சேவைக்கு மனுக் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மனு எழுதும்போது ஒரு எச்சரிக்கை. கட்டணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கைகள் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன் அமர்வு சென்னையிலும் இருக்கிறது. உங்கள் மனுவில் 'டிக்கெட் பணம் 1,080 வேண்டும்' என்பதை முதல் வரியாக எழுதினால், இந்த ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று ரயில்வே அந்த ஒரே வாதத்தை வைத்து வழக்கை இழுக்கும். சேவைக் குறைபாடு, விளக்கம் இல்லாத தாமதம், அதனால் ஆன செலவு, மன உளைச்சல் என்று எழுதுங்கள். தீர்ப்பின் தேதியையும், அது வடமேற்கு ரயில்வேயின் மேல்முறையீட்டில் வந்தது என்பதையும் குறிப்பிடுங்கள்.

மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வழக்கா என்று உறவினர்கள் கேட்பார்கள். நான் போடத்தான் சொல்வேன். சட்டம் சொல்லும் காலக்கெடுவைவிட வழக்கு நீளும், சில நாள் போய் வர வேண்டியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஸ்லீப்பரில் போகிற குடும்பம் கேட்காமல் விட்டுவிடும் என்ற தைரியத்தில்தான் இந்தத் தாமதங்கள் விளக்கமே இல்லாமல் நடக்கின்றன. விமானத்தைத் தவறவிட்டவருக்கு இருக்கும் உரிமை, அட்மிஷனைத் தவறவிட இருந்த உங்கள் மகளுக்கும் இருக்கிறது. டிக்கெட்டோடு சேர்த்து 45 காசுக்கு எடுக்கும் இன்சூரன்ஸில் இதைக் கேட்க முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். அது விபத்துக்கு மட்டும். தாமதத்துக்கு அதில் எதுவும் கிடையாது.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை. நேரம் தவறக்கூடாத வேலை இருந்தால், வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து பெரம்பூர் வழியாகப் போகிற வண்டியை நம்பாதீர்கள். சென்ட்ரலிலேயே புறப்படுகிற வண்டியில் எடுங்கள். வழியில் சேரும் தாமதம் எல்லாம் இல்லாமல் கிளம்பும். புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் நேரே சென்ட்ரல். பெரம்பூருக்குப் போவதைவிட அது உங்களுக்குச் சுலபம். என்.டி.இ.எஸ். செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று வீட்டிலிருந்தே பார்த்து, தாமதம் காட்டும் பக்கத்தை அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 139-க்கு அழைத்தாலும் சொல்வார்கள். இரவில் பிளாட்பாரத்தில் பெண்களுக்குப் பாதுகாப்புப் பிரச்சினை என்றாலும் அதே எண்தான்.

இரண்டு வண்டி மாறிப் போகிறவர்கள் இரண்டு பி.என்.ஆர்.களையும் இணைத்து வைத்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரல் முதல் இந்த வசதி உண்டு. முதல் வண்டி தாமதத்தால் இரண்டாவது வண்டி போய்விட்டால், போகாத பயணத்துக்குப் பிடித்தம் இல்லாமல் பணம் வரும். பயணிகள் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும்.

வண்டி ரத்தாவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் வடசென்னையில் இருக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14-ஆம் எண் பாலம் இருக்கிறது. பெருமழையில் அங்கே தண்ணீர் அபாய அளவைத் தாண்டினால் சென்ட்ரலுக்கு வரும் போகும் வண்டிகள் நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்படித்தான் ஆனது. வடக்குப் பாதையில் 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிய பிறகு, பல வண்டிகள் ரத்தாகின, பல அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகத் திருப்பிவிடப்பட்டன.

இப்படி நாட்களில் பதறிப்போய் முன்கூட்டியே டிக்கெட்டை நீங்களே ரத்து செய்துவிடாதீர்கள். பிடித்தம் போகும். ரயில்வே ரத்து அறிவித்த பிறகு ஆன்லைன் டிக்கெட்டுக்குக் கட்டணம் தானாக வந்துவிடும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் மூன்று நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வண்டி முழுதாக ரத்தாகாமல், சென்ட்ரலுக்குப் பதில் ஆவடி, திருவள்ளூர் போன்ற வேறு நிலையத்திலிருந்து கிளம்பினாலோ வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டாலோ பணம் தானாக வராது. நீங்கள் போகவில்லை என்று டி.டி.ஆர். போட வேண்டும். 72 மணி நேரம் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கே போட்டுவிடுவது நல்லது.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். பாஸுக்கு, மின்சார ரயில் தாமதமானாலோ சில நடைகள் ரத்தானாலோ, பணம் திரும்பக் கிடைக்காது. பாஸ் செல்லுபடியாகும் நாட்களை நீட்டித்தும் தர மாட்டார்கள். மின்சார ரயில் வரவில்லையே என்று பாஸை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறவும் வேண்டாம். ரயில்வே அப்படி அனுமதி அறிவிக்காத நாளில் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

கும்மிடிப்பூண்டி தடத்தில் தாமதம் ஏன் தீரவில்லை என்பது அதில் போகிற எல்லோருக்கும் தெரியும். விஜயவாடா, ஹவுரா, டெல்லி போகிற எக்ஸ்பிரஸ்களும் துறைமுகம், அனல்மின் நிலையச் சரக்கு ரயில்களும் இதே பாதையில்தான் போகின்றன. அத்திப்பட்டுக்கு வடக்கே போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். மீஞ்சூர் அதற்குள்தான் வருகிறது. மற்ற வண்டிகளை முதலில் போகவிட்டு மின்சார ரயிலை நிறுத்தி வைக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தனித்தனியாகப் புலம்பிப் பயனில்லை. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் 'ரயில்மதத்' தளத்தில் புகார் பதியச் சொல்லுங்கள். மின்சார ரயிலுக்கும் 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் ஐந்து இலக்க எண் உண்டு; அதைப் போட்டு, நிலையம், வர வேண்டிய நேரம், வந்த நேரம் மட்டும் எழுதினால் போதும். ஒரே பெட்டியில் தினமும் போகிற பத்துப் பேர் ஒரு மாதம் இதைச் செய்து, அந்தப் புகார் எண்களோடு சென்னைக் கோட்ட மேலாளருக்கு மனு கொடுத்தால் அதற்கு எடை இருக்கும். பாதை இரண்டு தொகுதிகளில் போவதால் வடசென்னை, திருவள்ளூர் எம்.பி.க்கள் இருவருக்கும் நகல் கொடுங்கள்.

ஆனால் அரை நாள் சம்பளம் ரயில்வேயின் பிரச்சினை இல்லை, காண்ட்ராக்டரின் தவறு. ஒரு தொழிலாளி வேலைக்கு வராத நேரத்துக்கு, அந்த நேர அளவுக்குரிய சம்பளத்தை மட்டுமே பிடிக்கலாம். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இந்த விதி இருந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. அரை மணி நேரம் தாமதமாக வந்தவரிடம் அரை மணி நேரச் சம்பளத்தைப் பிடிக்கலாம். அவரை உள்ளே விட்டு வேலையும் வாங்கிக்கொண்டு அரை நாளைப் பிடிக்க எந்தக் காண்ட்ராக்டருக்கும் உரிமை இல்லை.

வேலைக்குப் பங்கம் வரக்கூடாது என்ற பயம் இருக்கும். அதனால் தனியாகப் போய்ப் பேச வேண்டாம். அதே ரயிலில் வருகிறவர்கள் சேர்ந்து, தாமதம் ஆன நாட்களின் ரயில்மதத் புகார் எண்ணைக் காட்டி, பிடித்ததைத் திருப்பித் தரச் சொல்லி முதலில் மேஸ்திரியிடமும் காண்ட்ராக்டரிடமும் பேசட்டும். சம்பள ரசீது தருகிறார்களா என்று பாருங்கள். தந்தால் ஒவ்வொரு மாதமும் பத்திரப்படுத்துங்கள், தராவிட்டால் வந்த நேரத்தையும் பிடித்த தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேசியும் மசியவில்லை என்றால் மீஞ்சூர் திருவள்ளூர் மாவட்டத்தில் வருவதால் அந்த மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மனுவை எழுத உதவி தேவைப்பட்டால், அந்த நோட்டின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். நான் எழுதித் தருகிறேன்.